மூன்றாவது கவுன்

6 அக்டோபர் 2025, திங்கள்

பட்டமளிப்பு விழாப் படத்தில் சிந்துஜாவின் கண்கள் மூடியிருக்கின்றன. ஆதாரம்: படம். இன்று காலை பதினொன்றே காலுக்குக் கூரியரில் வந்தது.

ஐந்தரை வருடம் கால்நடை மருத்துவம் படித்து, மேடை ஏறி, சான்றிதழைக் கையில் வாங்கும் அந்த நொடியில் என் மகள் நின்றபடியே தூங்குகிறாள். கொடுப்பவரின் கண்கள் நன்றாகத் திறந்திருக்கின்றன. பின்னால் தட்டு ஏந்தி நிற்கும் பெண்ணின் கண்களும் திறந்திருக்கின்றன.

"மாட்டுக்குப் போட வேண்டிய மயக்க ஊசிய எனக்கே போட்டுக்கிட்ட மாதிரி இருக்கு" என்றாள் சிந்துஜா.

"இத ஹால்ல மாட்ட முடியாது" என்றாள் கணக்கு டீச்சரான என் மனைவி செண்பகம். தீர்ப்பு அவளுடையது, ஹாலும் அவளுடையது.

ஹாலில் இருக்கும் ஒரே பட்டமளிப்புப் படம் செண்பகத்துடையது. எம்.எஸ்ஸி. கணிதம், 1991. கறுப்பு கவுன், தொப்பி, கையில் சுருட்டிய தாள். அதன் பக்கத்தில் ஓர் ஆணி. கோவில்பட்டிக்கு வந்து இந்த வீட்டுக்குக் குடியேறிய 1998இல் அவளே அடித்தது. என் படத்துக்கான ஆணி. படம் இல்லை. 1992 வெள்ளத்தில் திருநெல்வேலியில் என் அறைக்குள் தண்ணீர் புகுந்து பெட்டி போய்விட்டது. இது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அந்த ஆணியில் நான் ஒருமுறை காலண்டர் மாட்டினேன். "அது உங்க இடம்" என்று எடுத்துவிட்டாள்.

சிந்துஜாவின் யோசனை: பால்துரையின் ஸ்டுடியோவில் மூன்று பேரும் கவுன் போட்டு ஒரே படம். பிறகு ஆளுக்கு ஒரு தனிப்படம். ஆணிக்கும் வேலை கிடைக்கும்.

இந்த வயதில் எனக்கெதற்கு வேஷம் என்றேன்.

"வேஷமா? வாங்குன பட்டம்தானேப்பா?"

செய்தி எடுக்க நகராட்சிக் கூட்டம் இருந்தது. கிளம்பினேன். கூட்டம் மூன்று மணிக்குத்தான். நான் போனபோது மணி பன்னிரண்டு.

7 அக்டோபர், செவ்வாய்

கவுன் மூன்றும் கிடைக்கும். ஆதாரம்: பால்துரை, தொலைபேசியில். படம் எடுக்கும் நாள் நவம்பர் 2, ஞாயிறு, காலை பத்து மணி. என்னைக் கேட்காமல் முடிவு செய்திருக்கிறார்கள்.

9 அக்டோபர், வியாழன்

அளவு கொடுக்க ஸ்டுடியோவுக்குப் போக வேண்டுமாம். கவுனுக்கு என்ன அளவு? கோணிப்பைக்குக் கை வைத்ததுபோல இருக்கும் ஓர் உடுப்பு. ஒரு மணி நேரம் வீண்.

பால்துரை எனக்கு இருபது வருடப் பழக்கம். விபத்து, திருவிழா, அமைச்சர் வருகை என்று எதுவானாலும் எங்கள் பத்திரிகைக்குப் படம் அவர்தான்.

"வாங்கண்ணாச்சி! குடும்பமே கான்வகேஷனா? கோவில்பட்டியில நான் எடுக்கப்போற மொத படம் இதுதான். பொம்பளையாளு படிச்ச வீட்டுல ஆம்பளை படிச்சிருக்க மாட்டான், ஆம்பளை படிச்ச வீட்டுல…"

"அளவ எடும்" என்றேன்.

அளவு எடுத்த பிறகுதான் வில்லங்கம் ஆரம்பித்தது. கவுனுக்கு மேல் கழுத்தில் போட்டு முதுகில் தொங்கவிடும் பட்டைக்கு ஹூட் என்று பெயர். பட்டத்துக்கு ஒரு நிறம், பல்கலைக்கழகத்துக்கு ஒரு கரை. செண்பகத்தின் ஹூட் எது என்பது படத்தில் இருக்கிறது. சிந்துஜாவுக்குப் போன மாதம் போட்டது நினைவிருக்கிறது.

"அப்பா, உங்களுக்கு என்ன கலர்?"

"ஞாபகம் இல்ல."

"விழாவுக்குப் போனீங்களா, இல்ல தபால்ல வாங்குனீங்களா?"

தபால் என்றேன். கேள்வி எதிர்பாராதது.

"தபால்ல வாங்குனா கவுன் போட்டோ எப்படி?"

"ஸ்டுடியோல எடுத்தது."

"எந்த ஸ்டுடியோ?"

"திருநெல்வேலியில. இப்ப இல்ல."

இவள் நிருபராக வந்திருக்க வேண்டியவள். மாட்டிடம் கேள்வி கேட்க முடியாது என்பது மாடுகளின் அதிர்ஷ்டம்.

பால்துரை நல்ல மனிதர். "ஏதாச்சும் ஒரு நீலத்தப் போட்டு விடுவோம் பாப்பா. யாரு வந்து சரிபாக்கா?" என்றார்.

"நான் பாப்பேன். யாராவது 'உத்தேசமாக'ன்னு செய்தி எழுதிக் கொடுத்தா எங்கப்பா பேனாவப் பிடுங்கிருவாரு. அவருக்குப் போயி உத்தேசக் கலரா அங்கிள்?"

வெளியே வந்ததும் எனக்குத் தலைவலி. வெயில்.

11 அக்டோபர், சனி

வீடு கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. கவுனுக்குள் எந்தச் சேலை என்று செண்பகம் பீரோவைக் கவிழ்த்துப் போட்டிருக்கிறாள். கழுத்துக்குக் கீழே மூன்று விரல் அகலம்தான் சேலை தெரியும். அந்த மூன்று விரலுக்குப் பதினொரு சேலை கட்டிலில் கிடக்கிறது. எனக்கு இரண்டு உத்தரவுகள்: முடி வெட்ட வேண்டும், டை அடிக்க வேண்டும்.

"தொப்பி போட்ட பிறகு முடி எங்க தெரியும்?"

"காதுக்கு மேல தெரியும்லா? நான் கறுப்பா இருப்பேன், நீங்க வெள்ளையா இருந்தா எங்கப்பா படம்னு நெனப்பாங்க."

மதியம் சிந்துஜா நோட்டும் பேனாவுமாக வந்து உட்கார்ந்தாள். வெள்ளத்தில் போன பெட்டியில் என்னென்ன இருந்தன என்று வேண்டுமாம். எதற்கு என்றால் சொல்லவில்லை. நினைவிருந்தவரை சொன்னேன்: நான்கு சட்டை, இரண்டு கைலி, ஒரு டிரான்சிஸ்டர், அம்மா கொடுத்த போர்வை, புள்ளியியல் பாடப்புத்தகம் ஒன்று, அதன் நோட்டுகள் மூன்று.

"சர்டிபிகேட்டு?"

"அதான் எல்லாம் போச்சேம்மா."

"89ல முடிச்சீங்க. 92ல எதுக்குப்பா புள்ளியியல் புத்தகம்?"

சும்மா வைத்திருந்தேன் என்றேன். எழுதிக்கொண்டாள். 'சும்மா' என்றே எழுதினாள்.

டை வாங்கப் போனேன். மூன்று கடையில் செண்பகம் சொன்ன கம்பெனி இல்லை.

15 அக்டோபர், புதன்

மதியம் 2.50க்கு எங்கள் விளம்பர முகவர் கோமதிநாயகம் அழைத்தார்.

"சார், ஒரு சின்ன விஷயம். உங்க பொண்ணு ஒரு விளம்பரம் குடுத்திருக்காங்க. உங்களுக்குத் தெரிய வேண்டாம், சர்ப்ரைஸ்னாங்க. ஆனா உங்க பேர்ல, நம்ம பேப்பர்ல வரப்போவுது. நீங்க பாக்காம எப்படிப் போடுறது? நாலு மணிக்குள்ள சொல்லிருங்க."

வாட்ஸ்அப்பில் அனுப்பினார். முழுமையாக இங்கே எழுதி வைக்கிறேன்:

"பி. ஐயம்பெருமாள் ஆகிய எனது பி.ஏ. (பொருளாதாரம்) பட்டச் சான்றிதழ் 1993ஆம் ஆண்டு திருநெல்வேலியில் ஏற்பட்ட வெள்ளத்தில் தொலைந்துவிட்டது. கண்டெடுத்தவர்கள் கீழ்க்கண்ட முகவரியில் ஒப்படைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்."

தொலைந்த சான்றிதழுக்கு நகல் வாங்க இதுதான் முறை. முதலில் பத்திரிகை விளம்பரம். அந்தத் துண்டை வைத்துக் காவல் நிலையத்தில் 'தேடியும் கிடைக்கவில்லை' என்று சான்று. அதை வைத்துப் பல்கலைக்கழகத்தில் விண்ணப்பம். நகல் வர இரண்டு மாதம் ஆகலாம். படத்துக்குக் கிடைக்காது, ஆணிக்குக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறாள்.

விளம்பரத்தில் ஒரு பிழை இருந்தது. வெள்ளம் வந்தது 1992 நவம்பர். 1993 அல்ல. திருத்தினேன். மற்றபடி மாற்றம் இல்லை என்று 3.40க்குப் பதில் அனுப்பினேன்.

டை கடைசியில் புதுரோட்டில் கிடைத்தது. இரண்டு பொடியைக் கலந்து அரை மணி நேரம் ஊறவைக்க வேண்டுமாம். கலக்கும் கிண்ணம் உலோகமாக இருக்கக் கூடாதாம். பிளாஸ்டிக் கிண்ணம் இந்த வீட்டில் ஒன்றுகூட இல்லை. முப்பது வருடக் குடும்பத்தில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் இல்லை. இதைப் பற்றி யாருக்கும் கவலை இருப்பதாகத் தெரியவில்லை.

17 அக்டோபர், வெள்ளி

வெளியாகிவிட்டது. ஏழாம் பக்கம், மூன்றாம் பத்தி, கீழே. அச்சுப்பிழை இல்லை.

காலை ஒன்பதுக்குள் நான்கு அழைப்புகள். வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்தில் ஒருவர் தனக்குப் பல்கலைக்கழகத்தில் ஆள் தெரியும், ஒரே வாரத்தில் நகல் வாங்கித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். "எவ்வளவு எளிமையான ஆளு சார் நீங்க" என்றார்.

சிந்துஜா பேப்பரை நீட்டிச் சிரித்தாள். "சர்ப்ரைஸ்!" நானும் ஆச்சரியப்பட்டேன்.

20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. கவுன் பற்றி யாரும் பேசவில்லை. நல்ல நாள்.

22 அக்டோபர், புதன்

நான் கையெழுத்துப் போடவில்லை. ஆதாரம்: தாள் என் மேஜையில் இருக்கிறது.

காலை எட்டு மணி. தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சிந்துஜா காவல் நிலையத்திலிருந்து வாங்கிவந்த படிவத்தை நிரப்பிக் கொண்டுவந்தாள். என் கையெழுத்தைவிட அழகாக எழுதியிருந்தாள். 'மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை என உறுதி கூறுகிறேன்' என்ற வரிக்குக் கீழே பென்சிலால் ஒரு பெருக்கல் குறி.

"இங்கன ஒரு கையெழுத்துப்பா. ஏட்டு பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்காரு."

கை கழுவிவிட்டு வந்து பேனாவை எடுத்தேன். விளம்பரம் யாரோ எழுதி யாரோ அச்சடித்தது. இது நான் போட வேண்டியது. மூடியைத் திருப்பி மாட்டினேன்.

"போட முடியாதும்மா."

"ஏன்? ஸ்பெல்லிங் தப்பா?"

"செய்தி தப்பு."

செண்பகம் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். சொன்னேன். பட்டப்படிப்பு மூன்று வருடமும் படித்தேன். எல்லாத் தாளும் தேர்ச்சி, புள்ளியியல் தவிர. 1989 ஏப்ரலில் 31 மதிப்பெண். 1990இல் 34. 1991இல் 29. தேர்ச்சிக்கு 40 வேண்டும். நான்காவது முறை 1992 நவம்பர் தேர்வுக்குப் பணம் கட்டியிருந்தேன். வெள்ளம் வந்தது. தேர்வன்று நான் வெள்ளச் செய்தி சேகரிக்கப் போனேன். என் பெயரோடு வந்த முதல் செய்தி அது. பிறகு வேலை, பிறகு நேரமில்லை. பெண் பார்க்கப் போனபோது தரகர் பி.ஏ. என்று சொல்லிவிட்டார். எப்படியும் எழுதிவிடுவேன் என்று நானும் விட்டுவிட்டேன். கல்யாணப் பத்திரிகையில் பி.ஏ. என்று அச்சாகிவிட்டது. நான் பட்டதாரி என்பதற்கு உலகத்தில் இருக்கும் ஒரே எழுத்துச் சான்று அந்தப் பத்திரிகைதான்.

சிந்துஜா படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ பேப்பர்ல வந்த விளம்பரம்… அது வர்றதுக்கு முன்னாடி நீங்க பாக்கலேல்லா?"

பார்த்தேன் என்றேன். வருடத்தைத் திருத்தியதையும் சொன்னேன்.

செண்பகம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "வெள்ளத்தன்னிக்கிப் பரீட்சை நடந்துச்சா?"

"நான்தான் செய்திக்குப் போயிட்டேனே."

"அதக் கேக்கல. பரீட்சை நடந்துச்சா?"

நினைவில்லை என்றேன்.

பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள். டிபன் பாக்ஸை எடுக்கவில்லை.

23 அக்டோபர், வியாழன்

பரீட்சை அன்றைக்கு நடக்கவில்லை. ஆதாரம்: நான்.

என் செய்தித் துண்டுகளை வருட வாரியாக ஒட்டி வைத்திருக்கிறேன். முதல் ஃபைலை சிந்துஜா நேற்று பீரோவின் மேல்தட்டிலிருந்து இறக்கியிருக்கிறாள். முதல் பக்கத்தில் பெயர் போட்ட வெள்ளச் செய்தி. மூன்றாம் பக்கத்தில் எட்டு வரியில் ஒரு சின்னச் செய்தி: மழை வெள்ளம் காரணமாகப் பல்கலைக்கழகத் தேர்வுகள் ஒத்திவைப்பு, டிசம்பர் 9 முதல் நடைபெறும், பழைய நுழைவுச் சீட்டே செல்லும். கீழே 'நமது நிருபர்'.

"நமது நிருபர் யாருப்பா?"

"நான்தான்."

செண்பகம் கண்ணாடி போட்டு அந்த எட்டு வரியையும் படித்தாள். பிறகு பேசினாள். நான் குறிப்பெடுக்கவில்லை. ஆனாலும் சொல் மாறாமல் நினைவிருக்கிறது.

"தேதி தெரியாமப் போவல. மாவட்டம் பூரா சொன்னதே நீங்கதான். நான் 97ல எம்.ஃபில். சேரணும்னு அப்ளிகேஷன் வாங்கி வச்சிருந்தேன். எங்கப்பா என்ன சொன்னாங்க? மாப்பிள்ளை வெறும் பி.ஏ., நீ இதுக்கு மேல படிச்சா அவருக்கு மரியாதையா இருக்காதுன்னாங்க. வெறும் பி.ஏ.! அந்த வெறும் பி.ஏ.வும் இல்லியே! அன்னைக்கு நீங்களும் அங்கதான உக்காந்திருந்தீங்க. என்ன சொன்னீங்க?"

நான் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஃபைலை மூடினேன்.

"வாரா வாரம் அந்த ஆணியில தூசி தட்டியிருக்கேன் நான்" என்றாள். பிறகு சிந்துஜாவிடம், "படத்துக்கு நான் வரல. நீயும் உங்கப்பாவும் போயி எடுத்துக்கிடுங்க."

சிந்துஜாவுக்கு வேண்டியிருந்தது மூன்று பேரும் நிற்கும் ஒரு படம். கண் திறந்த ஒரு படம். அவ்வளவுதான் அவள் கேட்டது.

25 அக்டோபர், சனி

செண்பகம் என்னோடு பேசுவதில்லை. தகவல்கள் சிந்துஜா வழியாக வருகின்றன.

"உங்கப்பாட்ட மோட்டார் போடச் சொல்லு." நான் நான்கடி தூரத்தில் நிற்கிறேன்.

"அப்பா, மோட்டார் போடணுமாம்."

"போட்டாச்சுன்னு சொல்லு."

"அம்மா, போட்டாச்சாம்." பிறகு சிந்துஜா இருவருக்கும் பொதுவாகச் சொன்னாள்: "எனக்கு வேல உத்தரவு வர்ற வரைக்கும்தான் இந்தச் சர்வீசு. அதுக்கப்புறம் நீங்க ரெண்டு பேரும் வாட்ஸ்அப்ல பேசிக்கிடுங்க."

யாரும் சிரிக்கவில்லை. கட்டிலில் கிடந்த பதினொரு சேலையும் பீரோவுக்குத் திரும்பிவிட்டன.

27 அக்டோபர், திங்கள்

முப்பத்து மூன்று வருடத்தில் என் செய்திக்குத் திருத்தம் வந்ததில்லை. எங்கள் பத்திரிகையில் எனக்கு மட்டும்தான் இந்தப் பெருமை உண்டு. கூட்டங்களில் ஆசிரியர் சொல்லியிருக்கிறார்.

காலையில் உட்கார்ந்து எழுதினேன். ஒரு கொலைச் செய்தியைப் பத்து நிமிடத்தில் எழுதுகிறவன். மூன்று வாக்கியத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது.

"17.10.2025 நாளிதழ், ஏழாம் பக்கத்தில் எனது பி.ஏ. பட்டச் சான்றிதழ் தொலைந்துவிட்டதாகத் தவறுதலாக விளம்பரம் வெளியானது. நான் பி.ஏ. தேர்ச்சி பெறவில்லை; எனவே தொலைந்த சான்றிதழ் எதுவும் இல்லை. இதற்காக வருந்துகிறேன். பி. ஐயம்பெருமாள், கோவில்பட்டி."

சிந்துஜா படித்தாள். "ஊரெல்லாம் தெரிஞ்சிருமேப்பா. விளம்பரத்த யாரு ஞாபகம் வச்சிருக்கா? பேசாம விட்டிருங்களேன்" என்றாள்.

"பேப்பர்ல வந்தது பேப்பர்லதான் சரியாகணும்."

தாளை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தாள். தாளில் ஒரே ஒரு சொல் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது. 'தவறுதலாக.' கணக்கு நோட்டுத் திருத்தும் பேனா.

"தவறுதலா நடக்கலையாம்" என்றாள் சிந்துஜா.

அந்தச் சொல்லை எடுத்துவிட்டுக் கோமதிநாயகத்துக்கு அனுப்பினேன். உடனே அழைத்தார். "சார், இது நெசமாவே போடணுமா? சிஸ்டம்ல ஏறலைன்னு சொல்லிருதேன், ரெண்டு நாள் போனா மறந்திரும்."

போடுங்கள் என்றேன்.

29 அக்டோபர், புதன்

வெளியானது. ஏழாம் பக்கம், மூன்றாம் பத்தி. அதே இடம்.

அழைப்புகள் இல்லை. கோட்டாட்சியர் அலுவலகத்தில் அந்த மனிதர் என்னைப் பார்த்ததும் ஃபைல் தேடினார். பேருந்து நிலைய டீக்கடையில் ஒருவர், "இத்தன வருஷமா நம்ம தப்பெல்லாம் எழுதுனாரு, இன்னைக்கு அவரு தப்ப அவரே எழுதிட்டாரு" என்றார். எனக்குக் கேட்க வேண்டும் என்றேதான் சொன்னார். வடையைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன். வடை நன்றாக இல்லை.

1 நவம்பர், சனி

டை அடிக்கவில்லை. நாளை யார் யார் போகிறார்கள் என்பது உறுதியாகவில்லை. சிந்துஜா மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு ஆட்டோ சொல்லியிருக்கிறாள். கேட்டதற்கு, "சீட்டு இருக்கும். ஏறுறதும் ஏறாததும் அவங்கவங்க இஷ்டம்" என்றாள்.

2 நவம்பர், ஞாயிறு

படம் எடுத்தாகிவிட்டது. நேரில் பார்த்த சாட்சியாக எழுதுகிறேன்.

ஒன்பதரைக்கு ஆட்டோ வந்தது. நானும் சிந்துஜாவும் ஏறினோம். ஓட்டுநர் கிளப்பினார். சிந்துஜா "ஒரு நிமிஷம்ண்ணே" என்றாள். இரண்டாவது முறையும் அதையே சொன்னாள். மூன்றாவது முறை சொல்வதற்குள் செண்பகம் கதவைப் பூட்டிக்கொண்டு வந்தாள். மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்ட சேலை. பதினொன்றிலும் இல்லாத பன்னிரண்டாவது சேலை. நடுவில் சிந்துஜாவை உட்காரவைத்து அந்தப் பக்கம் ஏறினாள்.

ஸ்டுடியோவில் நாற்காலி ஒன்று, பின்னால் நீலத் திரை. கொடியில் கவுன் மூன்று தொங்கின. சுருட்டிக் கையில் பிடிக்க மூன்று தாள்கள், சிவப்பு ரிப்பன் கட்டி. போன வருடக் காலண்டரின் தாள்கள். உள்பக்கம் ராகுகாலம் தெரிந்தது.

பால்துரை என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "அண்ணாச்சி, மூணாவது கவுனையும் எடுத்து வச்சிட்டேன். அது எதுக்கு வீணாப் போவணும்? போட்டுக்கிடுங்க. நம்ம நாலு சுவத்துக்குள்ள யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்கு வேண்டாம் பால்துரை. நான் பாஸ் பண்ணல."

"தெரியும்ண்ணாச்சி. படிச்சேன். அதுக்காக…"

"ஊருக்கே தெரிஞ்சாச்சு" என்றாள் செண்பகம். பத்து நாளில் என் முன்னால் நேராக வந்து விழுந்த முதல் வாக்கியம். "இவரு சட்டையோட இருக்கட்டும்."

அடுத்து யார் எங்கே என்ற பிரச்சினை. பால்துரை வழக்கப்படி என்னை நடுவில் நிறுத்தப் பார்த்தார். பெண்கள் இரண்டு பக்கமும். செண்பகம் ஒத்துக்கொள்ளவில்லை.

"படிச்சவங்க நிக்கோம். இவரு உக்காரட்டும்."

உட்கார்ந்தேன். என் வலது தோளுக்குப் பின்னால் செண்பகம், இடது பக்கம் சிந்துஜா. இரண்டு பேரின் கவுனும் நாற்காலியின் கைகளில் உரசின. நான் வெள்ளை அரைக்கைச் சட்டை, காதுக்கு மேல் நரை. என் கையில் என்ன வைப்பது என்று பால்துரைக்குத் தெரியவில்லை. காலண்டர் தாளை நீட்டினார். செண்பகம் அதை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டாள். கையை முட்டி மேல் வைத்துக்கொண்டேன்.

"பாப்பா, கண்ண மூடிராத!"

"நீங்க மூணு வரைக்கும் எண்ணாதீங்க அங்கிள், ரெண்டுலயே எடுங்க. மூணுலதான் எனக்கு மூடுது."

இரண்டிலேயே எடுத்தார். பத்தொன்பது படங்கள். பிறகு தனிப்படம். சிந்துஜா முடித்தாள். செண்பகம் 1991இல் நின்ற மாதிரியே நின்றாள், கன்னத்தை லேசாகத் திருப்பி. நான் கைக்குட்டையை எடுத்தேன். ஸ்டுடியோவில் தூசி அதிகம். இருபது வருடமாகச் சொல்லிவருகிறேன், பால்துரை கேட்பதில்லை.

"அண்ணாச்சிக்கு சிங்கிள்?"

"இப்ப வேண்டாம்" என்றாள் செண்பகம். "அந்த மூணாவது கவுன யாருக்காச்சும் வாடகைக்குக் குடுத்தாலும் மடிச்சுப் பத்திரமா வைங்க அண்ணாச்சி. ஹூட்டு கலர சிந்துஜா விசாரிச்சுச் சொல்லுவா. இவரக் கூட்டிட்டு வாரேன்."

"எப்பம்மா?"

"பாஸ் பண்ணுன பெறவு."

பால்துரை சிரிக்கலாமா என்று என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

4 நவம்பர், செவ்வாய்

பல்கலைக்கழகம் பழைய அரியர் மாணவர்களுக்கு ஒருமுறை மட்டும் சிறப்பு வாய்ப்பு அறிவித்திருக்கிறது. ஆதாரம்: இணையதள அறிவிப்பு, சிந்துஜா அச்செடுத்துக் கொடுத்தது. அறிவிப்பின் தேதி செப்டம்பர் 22. எங்கள் பத்திரிகையிலும் வந்திருக்கிறது, ஐந்தாம் பக்கத்தில். அந்தப் பக்கத்தை நான் படித்தேன். நான் தினமும் எல்லாப் பக்கமும் படிப்பவன்.

7 நவம்பர், வெள்ளி

காலை ஐந்தரைக்குச் செண்பகம் எழுப்பினாள். சிந்துஜா வழியாக அல்ல, நேரடியாக, போர்வையை இழுத்து. சாப்பாட்டு மேஜையில் பதினொன்றாம் வகுப்புப் புத்தகம்.

"சராசரி, இடைநிலை. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

சொன்னேன்.

"இது சராசரி இல்ல. போங்க, மொதல்ல இருந்து. ஒவ்வொரு தேர்தலுக்கும் சராசரி சராசரின்னு எழுதுனீங்களே, யாரக் கேட்டு எழுதுனீங்க?"

வகுப்பில் இவள் பிள்ளைகளை இப்படி நடத்துவதாகத் தெரிந்தால் அதையே செய்தியாகப் போடலாம். எனக்குத் திட்டவிலக்கம் இன்றைக்கும் புரியவில்லை. 1989இல் எந்த வரியில் நின்றேனோ அதே வரியில் நிற்கிறேன். அவள் அந்த வரியைப் பார்த்துவிட்டு, கேள்வித்தாளில் எப்போதும் இதுதான் பத்து மதிப்பெண்ணுக்கு வரும் என்றாள். அதே வரியை இன்னொரு முறை போட்டுக் காட்டினாள். டீ ஆறிவிட்டது.

12 நவம்பர், புதன்

இன்றைய நிலவரம்.

படம் வரவில்லை. பால்துரை வெள்ளிக்கிழமை என்கிறார். போன வெள்ளிக்கும் அதையே சொன்னார். பத்தொன்பதில் ஒன்பதாவதைச் சிந்துஜா தேர்ந்தெடுத்திருக்கிறாள். அதில் மூன்று பேர் கண்களும் திறந்திருப்பதாகத் தகவல். நான் இன்னும் பார்க்கவில்லை.

1986இல் சேர்ந்தவர்களும் சிறப்பு வாய்ப்பில் வருவார்களா என்பது தெளிவாகவில்லை. தேர்வுப் பிரிவில் இரண்டு முறை பேசினேன். பழைய பாடத்திட்டத்துக்குக் கேள்வித்தாள் தயாரிக்க ஆள் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டுமாம். பதில் நவம்பர் 28க்குள். தேர்வு நடந்தால் பிப்ரவரி இரண்டாம் வாரம். முடிவு ஏப்ரலில்.

விண்ணப்பப் படிவம் நேற்று வந்தது. சிந்துஜா இரண்டு உறைகள் கொண்டுவந்தாள். ஒன்று எனக்கு. மற்றொன்று தடிமனானது, ஆராய்ச்சிப் படிப்புச் சேர்க்கை என்று மேலே அச்சிட்டிருந்தது. அதைச் செண்பகம் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். கேட்டேன். உறையை நோட்டுக் கட்டின் மேல் வைத்தாள். அதற்குக் கடைசி நாள் டிசம்பர் 15 என்பதை மட்டும் உறையைப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

என் படிவத்தில் இன்று காலை கையெழுத்துப் போட்டேன். 'மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை' என்ற அதே வரி. மூன்று முறை படித்தேன். பிழை இல்லை.

ஆணி அதே இடத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தூசி தட்டும்போது செண்பகம் அதையும் தட்டினாள். மன்னித்தாயிற்றா என்று கேட்டேன்.

"ரிசல்ட் வரட்டும்" என்றாள்.